காட்டுப் பன்றியைச் சுட்டால் தொல்லை தீருமா?

கேள்வி: மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கச்சானும் வேலியோரம் மரவள்ளியும் போட்டிருக்கிறேன். இரவில் பன்றிக் கூட்டம் கிளறிவிட்டுப் போகிறது. "வெடி வை, இல்லாவிட்டால் ஆள் பிடித்துச் சுட்டு முடி" என்கிறார்கள் பக்கத்துக் காணிக்காரர்கள். குட்டிகளோடு வருவதைக் கொல்ல மனம் வரவில்லை. கொல்வது சரியா ஐயா?

பதில்: பயிரைக் காக்கக் கொல்வது எப்போதுமே பிழை என்று சொல்லமாட்டேன். மற்ற வழிகளைச் செய்து பார்த்த பிறகு, பயிருக்குள் நிற்கும் பன்றியை, உடனே சாகும்படி கொல்வதில் நியாயம் உண்டு. உங்கள் அயலவர்கள் சொல்வது அதுவல்ல.

முதலில் வெடி. ஹக்கபட்டாஸ் என்கிற, இரைக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடி பன்றியைக்கூட உடனே கொல்வதில்லை. தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் கிடந்துதான் சாகும். உங்கள் படுவான்கரைப் பக்கம் யானை நடக்காத இடம் குறைவு. இரைக்குள் வைத்ததை யானைக்குட்டி கடித்தாலும் இதே கதிதான். அது சட்டவிரோதமும்கூட. கம்பி இழுபட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும், வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும் ஆளையே கொல்லும். இந்த மூன்றையும் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இனித் துவக்கு. பெண் பன்றி ஏறக்குறைய 115 நாள் சினை சுமந்து நாலைந்து குட்டி போடும். நல்ல தீன் கிடைத்தால் ஒரு வயது நிறைய முன்னரே சினைப்பட்டுவிடும். நாலைச் சுட்டுவிட்டுப் பற்றையையும் கச்சானையும் அப்படியே விட்டால், மிஞ்சியவை வயிறார உண்டு அடுத்த வருடமே இடத்தை நிரப்பிவிடும். கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் பன்றி. அதைச் சுட்டால் கூட்டம் உடைந்து, ஒரு காணியில் நின்ற தொல்லை நாலு காணிக்குப் போகும். பால்குடிக் குட்டிகள் பற்றைக்குள் பட்டினியில் சாகும். உங்கள் தயக்கத்தில் கணக்கும் இருக்கிறது.

ஆகவே வேலியிலிருந்து தொடங்குங்கள். சூரியசக்தி மின்வேலிக்குக் கம்பியைத் தரையிலிருந்து 8 அங்குலம், 18 அங்குலம், 30 அங்குலம் என மூன்று வரியாக இழுங்கள். பன்றிக்கு முக்கியம் கீழ்வரிதான். மூக்கு அதில் பட வேண்டும். அதை ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் தலையைக் கொடுத்து உள்ளே வந்துவிடும். முட்கம்பியில் மின் கொடுக்கக் கூடாது, சிக்கியது விடுபடாது. வோல்ட்மானியில் 3,000க்குக் கீழே காட்டினால் அந்த வேலி பன்றிக்குச் சும்மா கம்பி. பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: கம்பியில் புல் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது காய்ந்த மணலில் நிலத்தொடுப்பு பிடிக்காது. நிலத்தொடுப்புக்கு ஆறடிக் கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் மண்ணில் அடித்து, வெயில் காலத்தில் அடியில் தண்ணீர் ஊற்றிவாருங்கள்.

இதையெல்லாம் கச்சான் விதைத்து 40 நாளுக்குள், காய் பிடிக்க முன்னரே முடிக்க வேண்டும். உள்ளே காய் இருப்பதை ஒருமுறை ருசி கண்ட பன்றி, அடி வாங்கினாலும் பாய்ந்தே வரும். பழைய சேலை கட்டுவது சில கிழமைக்கு உதவும், பிறகு பழகிவிடும். மீன் வலை வேண்டாம். உடும்பும் பாம்பும் சிக்கித் துடிக்கும். பற்றைக்கும் பயிருக்கும் இடையே பத்தடி வெட்டவெளி விடுங்கள். அறுவடைக்குப் பிறகு மண்ணில் கிடக்கும் காயைப் பொறுக்குங்கள், அது அடுத்த போகத்துக்கான அழைப்பு. மரவள்ளியை வேலியோரத்திலிருந்து நடுக் காணிக்கு மாற்றுங்கள்.

அத்தனையும் செய்தும் கூட்டம் சேராத ஒரு தனியன் பன்றி விடாமல் வந்தால், அதைச் சுடுவதை நான் தடுக்கமாட்டேன். அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு, அந்தப் பத்திரம் உள்ளவர் கையில் மட்டும். உங்கள் பிரிவு வனஜீவராசிகள் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். பெரிய குண்டுத் தோட்டா, 30 மீற்றருக்குள், முன்கால் மூட்டுக்குப் பின்னால். பறவைக்குப் போடும் சிறு சன்னம் காயப்படுத்த மட்டுமே உதவும். அடிபட்டது ஓடினால் இருட்டில் பின்னால் போகாதீர்கள். விடிந்ததும் இருவராகத் தேடி முடித்துவிடுவது சுட்டவர் கடமை. அறுவடை முடிந்த பிறகும் "தொல்லை" என்று துவக்கெடுப்பவருக்கு வேண்டியது இறைச்சி. அதைக் காவலோடு கலக்காதீர்கள்.

"பன்றி பெருகிவிட்டது" என்பதையும் சற்று நிதானித்துக் கேளுங்கள். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் பயிரழிக்கும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். பகலில் பற்றைக்குள் படுத்திருக்கும் பன்றி அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் கிளறிய குழி, குளம்பு, வந்த பக்கம் எல்லாவற்றையும் திகதியோடு குறித்து, கமக்காரர் அமைப்பில் கொடுங்கள். அயல் காணிகளும் சேர்ந்து ஒரே சுற்றுவேலி போட்டால் ஆளுக்குரிய செலவு குறையும்.