நூதனசாலையில் கன்னம் வைக்கலாமா?

கேள்வி: கொழும்பு நூதனசாலையிலிருந்து கண்டி அரசரின் சிம்மாசனம் களவு போவதாக ஒரு குறுநாவல் எழுதுகிறேன். லேசர் கதிர், ஹேக்கர், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் நாயகன் எல்லாம் இருக்கிறது. வாசித்த தோழிகளோ நம்பவே முடியவில்லை என்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்தக் கயிற்றில்தான், தங்கச்சி.

உண்மையில் நடந்த களவுகளில் நாயகன் கூரையில் தொங்குவது அபூர்வம். 1911 ஆகஸ்டில் பாரிஸ் லூவரில் மோனா லிசாவைத் தூக்கிய வின்சென்சோ பெருஜா, அங்கே படங்களுக்குக் கண்ணாடி போடும் வேலை செய்தவன். நூதனசாலை மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை, ஊழியர்கள் அணிகிற வெள்ளை மேலங்கியோடு நடந்து போய்ச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டான். வெற்றிடத்தைப் பார்த்தவர்கள்கூட புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள், மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. 1990இல் பொஸ்டனில் கார்ட்னர் நூதனசாலைக்குப் பொலிஸ் உடுப்பில் வந்த இருவருக்குக் காவலாளியே கதவைத் திறந்துவிட்டார். 81 நிமிடங்களில் 13 பொருட்கள், இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய ரசனைதான்: விலைமதிப்பில்லாத டிஷியன் ஓவியத்தை விட்டுவிட்டு, ஒரு கொடிக்கம்பத்தின் உச்சியில் இருந்த வெண்கலக் கழுகைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்படி ஒரு அசட்டுத்தனத்தை உங்கள் கள்வர்களுக்கும் கொடுங்கள், அப்புறம் பாருங்கள்.

சரி, சிம்மாசனத்துக்கு வருவோம். 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த பொருள், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதை மார்க்கஸ் பெர்ணான்டோ மாவத்தையில் ஓட்டோவில் ஏற்ற முடியுமா? ஏற்றினாலும் யாரிடம் விற்பது? பெருஜாவே படத்தைப் பெட்டிக்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்து, 1913இல் புளோரன்ஸில் விற்கப்போய்த்தான் மாட்டினான். எடுப்பதை இருபது பக்கத்தில் முடித்துவிட்டு, மிச்சத்தை எடுத்த பிறகு வரும் தலையிடிக்கு விடுங்கள். கையில் இருப்பது ஒரு பழைய தங்கக் காசு என்றால் கதை இன்னும் சூடு பிடிக்கும்: செட்டியார் தெருவில் உருக்கினால் வெறும் தங்கத்தின் விலை, உருக்காமல் விட்டால் வாங்க ஆளில்லை. (அதே நூதனசாலையில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டை மட்டும் தொடாதீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தாலும் கல் கல்தான், இடுப்பு முறியும்.)

அப்புறம், உங்கள் கதையில் வரும் காவலாளிக்கு ஒரு பெயர் வையுங்கள். இப்போது அவர் மயக்க மருந்து குடித்து விழுவதற்கு மட்டும்தான் கதைக்குள் வருகிறார். ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கட்டும், மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கட்டும், கள்வர்களில் ஒருவன் அவரோடு தினமும் பிளேன்டீ குடித்தவனாக இருக்கட்டும். களவு போன மறுநாள் விசாரணையில் அவர் என்ன சொல்வார், எதை மறைப்பார்? அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், நான் வாசிக்கிறேன். கயிறு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.