டை மாற்றவே நேரம் போகிறதா? லீன் திட்டத்தைப் பாருங்கள்
சார், பிரஸ் மெஷினில் ஒரு டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றவே முக்கால் மணி நேரம் போகிறது, ஆலோசகர் வைத்தால் கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தீர்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தில் சேருங்கள், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் நேரமும் பொருளும் வீணாவதைக் குறைக்கும் திட்டம் அது, 1958இல் தொடங்கிய தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் அதை நடத்துகிற அமைப்புகளில் ஒன்று. முதல் படி அடிப்படைப் பயிற்சி, அடுத்த இரண்டு படிகளில் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் மத்திய அரசே ஏற்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். டை மாற்றுவதை மொபைலில் வீடியோ எடுங்கள். மெஷின் நின்ற பிறகுதான் ஆள் ஸ்பேனரைத் தேடக் கிளம்புகிறார் என்றால் அந்த நேரம் முழுக்க வீண். அடுத்த டை, போல்ட், ஷிம் (உயரம் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எல்லாம் மெஷின் ஓடும்போதே டிராலியில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். போல்ட் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும். சுவரில் லீன் பற்றிப் போஸ்டர் ஒட்டுவதெல்லாம் அப்புறம்.