இரண்டடித் தொட்டியில் ஷெல் ட்வெல்லர் சிக்லிட் மீன்களை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்க முடியுமா?

வெற்று நத்தை ஓடுகளில் குடியிருக்கும் இந்தச் சிறு மீன்களில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வாங்கி விட்டதாகவும், பெரியது சின்னதை விரட்டிக்கொண்டே இருப்பதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். குஞ்சு எடுக்க முடியும். ஆனால் கடையில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நாமே பொறுக்கி வந்து விட்டால் அவை ஜோடி சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதுபோல், பெரிய மீன் சின்னதை ஓயாமல் விரட்டுவதும், சின்னது ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்பதும் இப்படித் தொடங்கிய தொட்டிகளில் வழக்கமாக நடப்பவைதான். பெண் என்று கொடுக்கப்பட்டது இளம் ஆணாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்கியிருக்கும் மல்டிஃபேசியாட்டஸ் (சுருக்கமாக மல்டி) வகையில், வளர்ந்த ஆணைவிடப் பெண் உருவில் சிறியது என்பதைத் தவிர, வெளியில் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு.

எனவே ஆறு அல்லது எட்டு இளம் மீன்களைச் சேர்த்து வாங்கி, ஒரே நாளில் தொட்டியில் விட்டு, துணையைத் தேடும் வேலையை மீன்களிடமே விட்டுவிடுங்கள். இயற்கையில் மல்டி கூட்டமாகவே வாழும் மீன். ஒரு பெரிய ஆணைச் சுற்றிப் பல பெண்களும் சிறு ஆண்களும் இருப்பது அதன் இயல்பு. ஓடுகளில் வாழும் இன்னொரு வகையான ஒசெலேட்டஸ் அப்படியல்ல. அது முரட்டு மீன். இரண்டடித் தொட்டியில் ஓர் ஆணுக்கு மேல் வைத்தால் சண்டை ஓயாது.

மீனைத் தேர்ந்தெடுப்பதைவிட அது குடியிருக்கும் நத்தை ஓட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் அக்கறை வேண்டும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இவை நியோதௌமா என்ற நத்தையின் வெற்று ஓடுகளில் குடியிருக்கின்றன. நம் ராமநாதபுரம் பகுதியில் அதற்கு ஈடாகக் கண்மாய் நத்தையின் ஓடு இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் கரையோரம் வெளுத்துக் கிடக்கும் ஓடுகளில் வாய் உடையாதவற்றைப் பொறுக்கி, உள்ளே இருக்கும் மண் போகக் கொதிக்க வைத்துக் கழுவினால் போதும். ராமேசுவரம் கடைகளில் பளபளப்பாக விற்கும் சங்குகளில் வார்னிஷ் பூசியிருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை அழகுக்காக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், தொட்டியில் போட வேண்டாம். மீன் ஒன்றுக்கு இரண்டு மூன்று ஓடாவது இருந்தால்தான் தோற்ற மீனுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். அடியில் இரண்டங்குல உயரத்துக்குச் சலித்த மெல்லிய மணல் அவசியம். மல்டி வாய் நிறைய மணலை அள்ளி, சற்றுத் தள்ளிப் போய்த் துப்பிவிட்டு, மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பும்; இப்படியே ஓட்டைச் சுற்றிக் குழி பறித்துவிடும். இந்த வேலை தொடங்கிவிட்டால் அவை குடியேறிவிட்டன என்று நம்பலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழக்கரை, மண்டபம் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால், கடினநீர் கேட்கும் இந்த மீனுக்கு அதுவே பொருத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. டாங்கனிக்கா நன்னீர் ஏரி. அங்கே கடினத்தன்மையும் காரத்தன்மையும் கால்சியம், மெக்னீசியம், கார்பனேட்டுகளால் வருகின்றன. நம் கிணறுகளின் உவர்ப்பில் பெரும்பங்கு சோற்றுப்பு. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் பிரித்துக் காட்டாது. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குளோரின் நீக்கி எடுத்துக்கொண்டு, கழுவிய மட்டி ஓடுகளை ஃபில்டரில் போட்டு வைத்தால் பிஎச் மெல்ல எட்டை ஒட்டி நிற்கும். இதற்காகப் பவளக்கல்லைத் தேடிப் போக வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுப்பது குற்றம், நம் தீவுகளைக் காக்கும் அரணே அதுதான். வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை நல்லது. சித்திரை, வைகாசியில் அது 30 டிகிரியைத் தாண்டும்போது மூடியைத் திறந்து தண்ணீர்மேல் விசிறியைத் திருப்பி வையுங்கள்; சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், மின்சாரம் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப்பும் கைவசம் இருக்கட்டும்.

பெண் முட்டையிடத் தயாரானதும் ஓட்டின் வாயருகே உடலை வளைத்து நடுங்கிக் காட்டும். முட்டைகள் ஓட்டுக்குள் இருப்பதால் நம் கண்ணில் படாது. பெண் வெளியே வருவது குறைந்து, வாயிலிலேயே நின்று துடுப்பை விசிறிக்கொண்டிருந்தால் பொறுமையாகக் காத்திருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் இமைமுடி அளவுக் குஞ்சுகள் ஓட்டின் விளிம்பில் தலைகாட்டும். அப்போது அவற்றுக்குத் தேவை புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகள். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: வடிகட்டிய கடல் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் காற்று விட்டால் அதிலேயே ஆர்ட்டீமியா முட்டை ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரித்துவிடும். மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் விடுங்கள்.

மல்டி குஞ்சுகளைப் பிரிக்கத் தேவையில்லை. முதல் ஈட்டுக் குஞ்சுகள் இருக்கும்போதே அடுத்த ஈடும் வரும், பெரியவை பெரும்பாலும் அவற்றைச் சகித்துக்கொள்ளும். தொட்டி நெருக்கமான பிறகு சிலவற்றை எடுக்க வேண்டியிருந்தால் வலை போட்டுக் கலக்காதீர்கள். மிரண்ட மீன் ஓட்டுக்குள்தான் போகும். அந்த ஓட்டை நீரோடு எடுத்து, வேறொரு பாத்திரத்துத் தண்ணீரில் வாய் கீழாகப் பிடித்து, மெல்ல உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தினால் மீன் தானாக வெளியே வந்துவிடும்.