மஞ்சள் கோடு கண்ணில் படவில்லையா?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். நிரல் எழுதும் விஎஸ் கோட் செயலியில், நிரலைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட் கருவியின் எச்சரிக்கைக்கு வரும் மஞ்சள் நெளிகோடு, வெள்ளைப் பின்னணியில் சரியாகத் தெரிவதில்லை. கட்டளை ஓட்டும் டெர்மினலில் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் ஓடி மறைந்துவிடுகின்றன. முக்கியமானதைக் கோட்டை விடுகிறேனே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நிறத்தைச் சரிசெய்வது சுலபம். விஎஸ் கோடின் அமைப்புகள் இருக்கும் செட்டிங்ஸ் ஜேசான் கோப்பில் 'ஒர்க்பெஞ்ச்.கலர்கஸ்டமைசேஷன்ஸ்' பகுதிக்குள் 'எடிட்டர்வார்னிங்.ஃபோர்கிரவுண்ட்' என்பதற்கு #995500 கொடுங்கள். இந்தக் கரும் ஆரஞ்சு வெள்ளையில் பளிச்சென்று தெரியும். ஆனாலும் கோடு மெலிசுதான். அதனால் 'எடிட்டர்வார்னிங்.பேக்கிரவுண்ட்' என்பதற்கு #99550033 என்று எட்டு இலக்கமாகக் கொடுத்து, அந்த இடத்துக்கே லேசாகச் சாயம் ஏற்றுங்கள். கடைசி 33தான் சாயத்தை 20 சதவீதத்தில் நிறுத்துகிறது. அதை விட்டுவிட்டால் சாயம் அடர்த்தியாக அப்பிக்கொள்ளும், எழுத்தைப் படிக்கவே சிரமப்படும். எஃப்8 அழுத்தினால் கர்சர் அடுத்த பிழைக்கோ எச்சரிக்கைக்கோ தாவும். 'எரர் லென்ஸ்' நீட்சியைப் போட்டால் செய்தி வரியின் ஓரத்திலேயே வந்துவிடும்.

உங்கள் உண்மையான சிக்கல் எண்ணிக்கைதான். நூற்றுக்கணக்கில் வருவதை எந்த நிறத்தில் காட்டினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். ஈஎஸ்லின்ட்டில் ஒவ்வொரு விதிக்கும் ஆஃப் (அணைப்பு), வார்ன் (எச்சரிக்கை), எரர் (பிழை) என்று மூன்று நிலை உண்டு. வார்ன் மட்டும் வந்தால் எக்ஸிட் கோட் 0தான் (வெற்றி என்று பொருள்), பில்ட், அதாவது நிரலைத் தொகுக்கும் வேலை, தடையில்லாமல் ஓடிவிடும். அதனால்தான் இவை சேர்ந்துகொண்டே போகின்றன. விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடைவெளி, மேற்கோள்குறி போன்றவற்றை ஆஃப் செய்து நிரலின் வடிவத்தைச் சீராக்கும் பிரிட்டியர் கருவியிடம் விடுங்கள். இணையத் திரைகளை உருவாக்கும் ரியாக்ட் நூலகத்தில் வேலை செய்தால், சார்புப் பட்டியலில் ஏதாவது விடுபட்டதா என்று பார்க்கும் 'எக்ஸாஸ்டிவ்-டெப்ஸ்' விதியைக் கட்டாயம் கவனியுங்கள்: பரிந்துரைக்கும் அமைப்பில் அது வார்ன்தான், ஆனால் அலட்சியம் செய்தால் திரையில் பழைய தரவே நிற்கும். அதை எரராக ஏற்றுவதே எங்கள் யோசனை.

மிச்சத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். இன்று 140 எச்சரிக்கை இருந்தால், ஈஎஸ்லின்ட்டை ஓட்டும் கட்டளையில் '--மேக்ஸ்-வார்னிங்ஸ் 140' சேருங்கள். 141 ஆனதும் பில்ட் நிற்கும். திருத்தத் திருத்த எண்ணைக் குறைத்து 0க்குக் கொண்டுவாருங்கள். கட்டளையில் யாராவது '--கொயட்' போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது எச்சரிக்கைகளைக் காட்டவே காட்டாது. வெளியீட்டைப் பைப் வழியாக இன்னொரு கட்டளைக்கு அனுப்பும்போது நிறம் போய்விட்டால் '--கலர்' சேருங்கள்.

கேள்வி: என் மாணவருக்குச் சிவப்பு, பச்சை குழம்பும். பிழையையும் எச்சரிக்கையையும் எப்படிப் பிரித்தறிவார்?
– ஆசிரியர், குப்பம், சித்தூர் மாவட்டம்

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம், வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விஎஸ் கோடில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தினால் பட்டியல் திறக்கும். அதில் எச்சரிக்கைக்கு முக்கோணம், பிழைக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. எரர் லென்ஸில் 'கட்டர்ஐகான்ஸ்எனேபிள்ட்' அமைப்பை இயக்கினால் வரி எண் பக்கத்திலும் குறி வரும். எச்சரிக்கைக்கு நீலம் கொடுத்துவிடாதீர்கள், தகவல் குறிப்புகள் ஏற்கெனவே நீலத்தில்தான் வருகின்றன.