ரெஸ்யூமில் ‘மெயில் சர்வர்’ என்று எழுதும் முன்

சிஸ்டம் அட்மின் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலர், அவுட்லுக்கில் கணக்குச் சேர்க்கத் தெரிந்ததை வைத்தே ‘மெயில் சர்வர் தெரியும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் கிளையன்ட் மென்பொருள்கள். மெயிலை எழுதவும் படிக்கவும் மட்டுமே அவை. வெளியே அனுப்புவதும் வருவதை வாங்குவதும் போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற சர்வர் மென்பொருளின் வேலை. அஞ்சல் பெட்டியில் உள்ளதை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிப்பதற்கான நெறிமுறை) வழியாகக் கிளையன்டுக்குக் கொடுப்பது டவ்காட் என்ற சர்வர் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் இவை எல்லாவற்றையும் தானே செய்கிறது. எக்ஸ்சேஞ்சும் அவுட்லுக்கும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய கேள்வி: “ஒருவருக்கு மெயில் போகவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” வெப்மெயிலில் (பிரவுசரில் திறக்கும் மெயில் பக்கம்) நுழைந்து அனுப்பிப் பாருங்கள். அங்கே போனால், பழுது பெரும்பாலும் கிளையன்ட் அமைப்பில்தான்: பாஸ்வேர்டு, அனுப்புவதற்கான போர்ட் 587, ஐமேப்புக்கு 993. அவுட்பாக்ஸிலேயே நின்றால் மெயில் இன்னும் சர்வருக்கே போகவில்லை. 550 என்ற பிழை எண்ணுடன் திரும்பி வந்தால் எதிர்ப்பக்கச் சர்வர் மறுத்துவிட்டது. முகவரி தவறா, எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் குறிப்பு) இல்லையா என்று பாருங்கள். 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடை. போஸ்ட்ஃபிக்ஸ் அதை வரிசையில் வைத்து, இயல்பு அமைப்பில் 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். இந்த வரிசையில் பதில் சொல்பவர் கையால் செய்து பார்த்தவர் என்று கேட்பவருக்கு உடனே தெரியும்.

செய்து பார்க்கச் செலவில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் (உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் இலவச மென்பொருள்) 2 ஜிபி ரேம் ஒதுக்கி உபுண்டு சர்வர் என்ற லினக்ஸைப் போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் நிறுவி, இரண்டு பயனர்களை உருவாக்கி, தண்டர்பேர்டை இணையுங்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மெயில் போய்ச் சேர்ந்ததும் டவ்காட்டை நிறுத்துங்கள்: அனுப்பியது போய்ச் சேரும், படிக்கத்தான் முடியாது. (அனுப்பும்போது பாஸ்வேர்டு சரிபார்ப்பையும் டவ்காட்டிடம் விட்டிருந்தால் அனுப்புவதும் நிற்கும்.) அதை மீண்டும் ஓடவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள்: பழைய மெயில் எல்லாம் படிக்கலாம், புதிது போகாது. யார் எந்த வேலை செய்கிறார்கள் என்பது அந்த அரை மணி நேரத்தில் மனதில் நின்றுவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸின் லாகில் (நடந்ததை எழுதி வைக்கும் கோப்பு) ‘சென்ட்’ என்று இருந்தும் இன்பாக்ஸ் காலியாக இருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு இடத்தில் போடுகிறது, டவ்காட் வேறு இடத்தில் தேடுகிறது. இரண்டிலும் மெயில்டிர் (ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு) அல்லது எம்பாக்ஸ் (எல்லா மெயிலும் ஒரே கோப்பு) என்று ஒரே அமைப்பையும் ஒரே இடத்தையும் கொடுங்கள்.

இந்தப் பயிற்சிச் சர்வரை இணையத்தில் திறந்துவிட வேண்டாம். யாருடைய மெயிலையும் கடத்தும் ‘ஓபன் ரிலே’யாக அது இருந்துவிட்டால் ஸ்பேம் அனுப்புவோர் விரைவில் கண்டுபிடிப்பார்கள், உங்கள் ஐபி கருப்புப் பட்டியலுக்குப் போகும்.