படகு வாங்கும் முன் ஒரு பரீட்சை

கேள்வி: எங்களுக்கு உடுமலைப்பேட்டை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். கொச்சியில் ஒருமுறை பாய்மரப் படகில் போய்வந்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு. செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி அமராவதி அணையிலோ ஆழியாறிலோ விடலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான், கொஞ்சம் பயமும் இருக்கிறது. வாங்கலாமா? எந்தப் படகு?

பதில்: வாங்கலாம், இப்போது வேண்டாம். அவர் துணையில்லாமல் நீங்களும், உங்கள் துணையில்லாமல் அவரும் படகைக் கரை சேர்க்கப் பழகியபிறகு பணத்தை எடுங்கள்.

அணை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அமராவதி அணை முதலைகளுக்குப் பேர்போனது. கவிழ்ந்து கவிழ்ந்து கற்க வேண்டிய விளையாட்டுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. ஆழியாறோ வேறு அணையோ, அரசின் அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று காற்றாலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். மலையடிவாரத்தில் அது நொடிக்கு நொடி திசை மாறும். ஆகவே உங்கள் படகுக்கு இடம் கடலோரம்தான். கொச்சி என்றால் காரில் ஐந்து மணி நேரம், சென்னை என்றால் ஒரு ராத்திரி ரயில். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் இருக்கிறது, பெரியவர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

பயிற்சியில் ஒரே படகில் சேர்ந்து உட்காராதீர்கள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தனித்தனிப் பயிற்சியாளரிடம் கற்று, அப்புறம் சேருங்கள்.

நான் பார்த்த தம்பதிகளில் பெரும்பாலும் அவர் சுக்கானைப் பிடித்துக்கொள்வார், அந்தம்மா அவர் சொல்கிற கயிற்றை இழுப்பார். மூன்றாம் வாரத்தில் அந்தம்மாவுக்கு வேறு வேலை வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் பொறியியலும் இடிக்கிறது. சிறிய படகில் சுக்கானுக்குப் பலம் தேவையில்லை, கவனம்தான் வேண்டும். முன் பாயின் கயிற்றை இழுப்பதற்கும், படகு சாயும்போது வெளியே சாய்ந்து உட்கார்ந்து சமன் செய்வதற்கும்தான் கைவலுவும் உடல் எடையும் வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 470 வகைப் படகில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து போட்டியிட்டார்கள். தங்கம் வென்ற ஆஸ்திரிய ஜோடியில் சுக்கான் லாரா வாட்லாவின் கையில் இருந்தது. நீங்கள் சுக்கானில் தொடங்குங்கள், பிறகு நாள் மாற்றி நாள் மாற்றிக்கொள்ளுங்கள். சுக்கானில் இருப்பவர் சொல்வதுதான் தண்ணீரில் முடிவு, வாக்குவாதம் கரைக்கு வந்தபிறகு. படகைத் திருப்பும்போது நீட்டி முழக்க நேரமிருக்காது. “ரெடியா?”, “ரெடி”, “திருப்பறேன்” என்ற மூன்று சொல் போதும். பதில் வராமல் திருப்பக் கூடாது, பாயின் அடிக்கட்டையான பூம் தலையில் இடிக்கும்.

இனிப் பரீட்சை. பாதியளவு தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கேனைக் கடலில் போட்டுவிட்டு, அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். அந்தக் கேன்தான் கடலில் விழுந்துவிட்ட கணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படகை விலக்கி, சுற்றி, காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து காற்றை நோக்கி ஏறி வர வேண்டும். நெருங்கியதும் பாயின் கயிறுகளை விட்டுவிட்டால் பாய் படபடக்கும், வேகம் இறங்கும். காற்று வரும் பக்கம் கேன் இருக்கும்படி படகை நிறுத்தி எடுக்க வேண்டும். அடுத்து அவர் முறை. இதில் இருவரும் தேறும்வரை படகுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கிணற்றில் நீச்சல் பழகியவர் என்ற தைரியம் கடலில் செல்லாது, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வளையல், மோதிரம், துப்பட்டா எல்லாம் கரையிலேயே இருக்கட்டும், கயிறு மாட்டும். தாலிக்கொடியை உள்ளே விட்டு மேலே ஜாக்கெட்டைப் போடுங்கள்.

என்ன படகு? இருவர் ஓட்டும் டிங்கி, அதாவது மேல்மூடி இல்லாத சிறிய பாய்மரப் படகு. என்டர்பிரைஸ் என்ற வகை எனக்குப் பிடிக்கும்: சுமார் 4 மீட்டர் நீளம், 1956-இல் வடிவமைத்தது, இரண்டே பாய். கவிழ்ந்தால் இருவரே நிமிர்த்திவிடலாம். அடியில் எடை கட்டிய பெரிய கீல் படகு சுலபத்தில் கவிழாது, ஆனால் கரையேற்றக் கிரேன், நிறுத்த வாடகை என்று பை காலியாகும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட் படகைப் பார்க்கப் போகும்போது ஒரு பிடி பனியன் வேஸ்ட் கொண்டுபோங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் மேல் அதை உருவி இழுங்கள். புரி அறுந்திருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். (வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும்.) படகின் அடியை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மந்தமாகி, அழுத்தினால் அமுங்குகிற இடத்தில் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். பாயை உங்கள் வீட்டுக்காரர் பார்க்கட்டும், அவர் தொழில் அது. துணி நன்றாகவே இருக்கும், வெயிலில் முதலில் மக்குவது தையல் நூல். தையலை நகத்தால் கீறினால் பொடிந்து வருகிறதா என்று பார்த்தாலே விலையைக் குறைத்துப் பேசலாம்.

பில்லிலும் இன்சூரன்ஸிலும் இருவர் பெயரும் இருக்கட்டும்.

கொச்சியில் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழைக்காலக் கடல், சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை புயல் பயம். தை பிறந்ததும் தொடங்குங்கள். காலை வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள், மதியத்துக்கு மேல் கடல்காற்று வலுத்துவிடும்.