விஞ்ஞானக் கேள்வி பதில்: தூரத்துக் கோளும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அப்பா உண்மை என்கிறார், ரியூசன் சேர் சுத்தப் பொய் என்கிறார். யார் சொல்வது சரி?
— உயர்தர மாணவன், நெல்லியடி

பதில்: தம்பி, கோள் இருக்கிறது, ஆய்வும் நடந்தது, ஆனால் உயிரைக் கண்டுபிடிக்கவில்லை. 124 ஒளியாண்டு தொலைவில், பூமியைவிட எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள கோள் அது. தன் நட்சத்திரத்துக்கு முன்னால் அது கடந்து போகும்போது நட்சத்திர ஒளியில் ஒரு சிறு பங்கு கோளின் வளிமண்டலத்துக்குள்ளால் வரும். அந்த ஒளியில் எந்த அலைநீளங்கள் குறைந்திருக்கின்றன என்று பார்த்தால் அங்கே என்ன வாயுக்கள் இருக்கலாம் என்று கணிக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதனும் அவருடைய குழுவும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு இதைச் செய்து, டைமெதைல் சல்பைட்டு அல்லது அதற்கு நெருங்கிய இன்னொரு சேர்மத்தின் அடையாளம் தெரிகிறது என்று 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணிய பாசிகளிலிருந்து வருவதால்தான் இவ்வளவு பரபரப்பு.

இனித்தான் வடிவாகக் கவனிக்க வேண்டிய இடம். அவர்கள் சொன்ன நம்பகத்தன்மை மூன்று சிக்மா. அப்படி ஒரு வாயுவே இல்லாவிட்டாலும், அளவீட்டில் வரும் தற்செயலான ஏற்ற இறக்கம் மட்டுமே இப்படி ஒரு சமிக்ஞையைக் காட்டுவதற்கு ஏறத்தாழ 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். ‘99.7 சதவீதம் உயிர் இருக்கிறது’ என்று வீடியோக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள், அது முழுப் பிழை. பெளதிகவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாகக் கேட்பது ஐந்து சிக்மா, அதாவது பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. அப்புறம், அதே தரவுகளை வேறு குழுக்கள் எடுத்துத் தங்கள் முறையில் ஆராய்ந்தபோது அந்த அடையாளம் உறுதியாகத் தெரியவில்லை, வேறு வாயுக்களாலும் அந்த வளைகோட்டை விளக்கலாம் என்றார்கள். போதாததற்கு, உயிரே இல்லாத 67பி என்ற வால்வெள்ளியிலும் இந்த வாயுவின் தடயம் கிடைத்திருக்கிறது, ஆகவே வாயு இருப்பது உறுதியானாலும் உயிர் இருப்பது உறுதியாகாது.

சேரிடம் ஒன்று சொல்லுங்கள்: பொய் என்பது கடுமையான சொல். அவர்கள் தரவை எல்லோரும் பார்க்க வைத்தார்கள், மற்றவர்கள் பார்த்துக் கேள்வி கேட்டார்கள், இன்னும் அவதானிப்புகள் தேவை என்று கேம்பிரிட்ஜ் குழுவே சொன்னது. விஞ்ஞானம் ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: சாதாரண வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள் என்று 2023 இல் கொரியாவில் ஒன்று சொன்னார்களே, அது எங்கே போனது?
— இலத்திரனியல் திருத்துநர், பருத்தித்துறை

பதில்: எல்கே-99 ஐத்தானே கேட்கிறீர்கள். யூலையில் அறிவித்தார்கள், சில கிழமைகளுக்குள் பல நாடுகளில் செய்து பார்த்தார்கள், முடிந்தது. மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம் அதில் மாசாகக் கலந்திருந்த செப்புச் சல்பைட்டு, அது நூறு பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டிய இடத்தில் நிலை மாறும். ஜேர்மனியில் சுத்தமான பளிங்காக வளர்த்துப் பார்த்தபோது அது மின்னைக் கடத்தவே இல்லை. யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவசரப்பட்டார்கள். உங்கள் தொழிலில் ஒரே பிழையை இரண்டு மீற்றரில் பார்த்து உறுதிப்படுத்துவீர்கள் அல்லவா, அதைத்தான் மற்ற ஆய்வுகூடங்கள் செய்தன.

கேள்வி: கரையில் ஏற்றிவிட்ட பழைய வள்ளங்களில் நிற்பது உப்புத் தண்ணீர்தானே, அதில் டெங்கு நுளம்பு வராது என்று அயலில் எல்லோரும் சொல்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதையும் ஊற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
— வாசகி, குருநகர்

பதில்: முழு நியாயம் இருக்கிறது, அதுவும் எங்கள் ஊர் ஆட்கள் கண்டுபிடித்த நியாயம். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்று எத்தனையோ காலமாகப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள், பாடசாலையிலும் அதைத்தான் படித்தோம், சுவரொட்டியிலும் அதைத்தான் போட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்குகொண்டு 2011 இல் வெளியான ஆய்வில், பாவனையில்லாத கிணறுகள், கைவிட்ட வள்ளங்கள், எறிந்த சாப்பாட்டுப் பெட்டிகள் என்று கரையோரத்தில் தேடியபோது, லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம். வள்ளத்தில் நிற்பது கடல்நீரும் மழைநீரும் கலந்த தண்ணீர், ஆகவே மாரியில் அது இந்த அளவுக்குச் சுலபமாக இறங்கிவிடும்.

இந்தக் குழு அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உவர்நீரில் வளர்ந்த நுளம்பையும் நன்னீரில் வளர்ந்த நுளம்பையும் ஒப்பிட்டுக்கொண்டே போய், உவர்நீர் நுளம்பின் புறத்தோல் தடித்திருப்பதையும், குடம்பி கொல்லும் மருந்து அதில் குறைவாக வேலை செய்வதையும் 2021 இல் எழுதினார்கள். கடல்மட்டம் உயர, நாங்களும் கிணறுகளை அளவுக்கு மீறி இறைக்க, உவர் உள்ளே வரும், நுளம்புக்குப் புது இடங்கள் கிடைக்கும். உலகம் முழுக்கக் கரையோர நகரங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு விடயம் எங்கள் யாழ்ப்பாணக் கரையோரத்தில் கரண்டியால் தண்ணீர் அள்ளிப் பார்த்தவர்களின் கையால் வெளியே வந்திருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2016 செப்ரெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவரை இங்கே இல்லாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும். தேடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது.

வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கள், முடியாவிட்டால் தண்ணீர் தேங்காமல் படங்கு போட்டு மூடுங்கள். தொட்டி, வாளி எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப் பிடிக்கும்.

கேள்வி: போன வருடம் ஆய்வு செய்யும் பிள்ளைகள் வந்து எங்கள் தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். நைத்திரேற்று பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். முடிவு இன்றுவரை வரவில்லை. பேரப்பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறோம், பயமாக இருக்கிறது.
— விவசாயி, உரும்பிராய்

பதில்: ஐயா, முதலில் பேரப்பிள்ளை. முடிவு தெரியும்வரை அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று அங்கேயே நிற்கும், செறிவு கூடும். சாதாரண கரி வடிகட்டியாலும் அது போகாது, ஆர்ஓ எனப்படும் பின்னோக்கிய சவ்வூடுபரவல் இயந்திரத்தால் குறையும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், அது கைக்குழந்தைகளை மனதில் வைத்தே சொல்லப்பட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமல் போய் உடம்பு நீலம் பாரிக்கும். பெரியவர்களுக்கு அந்த உடனடி ஆபத்து மிகக் குறைவு. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேளுங்கள்.

வலிகாமத்துக் கிணறுகளில் இது ஏன் கூடுகிறது என்பது புதிர் இல்லை. எங்கள் நிலத்துக்குக் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் மழையோடு நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும்.

இனி அந்தப் பிள்ளைகளைப் பற்றி. இதை ஆய்வு செய்யும் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் எடுத்தால், அந்தப் பெறுமதியை முதலில் அறிய வேண்டியவர் அந்த வீட்டுக்காரர். சஞ்சிகையில் வரும்போது கிணறுகள் எல்லாம் ஒரு சராசரியாகவும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகவும் ஆகிவிடும், உங்கள் பெயரை வெளியே போடக்கூடாது என்பதும் சரிதான், ஆனால் உங்களுக்கே சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஒரு துண்டுக் கடதாசி, ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். மேற்பார்வையாளர்கள் ஆய்வுத் திட்டத்தை ஒப்புக்கொள்ளும்போதே ‘முடிவை வீட்டுக்காரருக்கு எப்போது, எப்படிக் கொடுப்பீர்கள்’ என்று கேட்டு எழுதி வாங்கலாம். ஐயா, அவர்கள் இலக்கம் இருந்தால் அழைத்துக் கேளுங்கள். உங்கள் உரிமை அது.

கேள்வி: மகளுக்குத் தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிறோம். மரபணுவைத் திருத்திச் சுகப்படுத்துகிறார்கள் என்று உறவினர் கனடாவிலிருந்து சொல்கிறார். காணியை விற்றாவது செய்யலாமா?
— ஒரு தாய், மானிப்பாய்

பதில்: அம்மா, உறவினர் சொன்னது உண்மை. காஸ்கெவி என்ற சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அங்கீகரித்தது. நோயாளியின் என்பு மச்சைக் கலங்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டித் திருத்தும் முறையால் திருத்தி, கருவில் இருக்கும்போது உடல் செய்த ஹீமோகுளோபினை மறுபடி செய்ய வைத்துத் திருப்பிச் செலுத்துகிறார்கள். பரிசோதனையில் போதிய காலம் பின்தொடரப்பட்ட 42 பேரில் 39 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. ஆனால் அப்போது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே அனுமதி கொடுத்தார்கள், பழைய மச்சையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும், அது பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். அமெரிக்காவில் 2023 இறுதியில் அறிவித்த மருந்தின் விலை மட்டும் 22 இலட்சம் டொலர். காணியை விற்காதீர்கள். அதைவிடக் குறைவாகச் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் வைத்தியரைக் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இப்போது கையில் இருப்பது ஒழுங்கான இரத்தமும், உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தும். இந்த மருந்தைப் பிள்ளைகள் அலுத்துப்போய் இடையில் விடுவதுண்டு, இரும்பு சேர்ந்தால் இதயத்தைத் தாக்கும், அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சகோதரர் இருந்தால் மச்சை பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்கலாம், மச்சை மாற்றுச் சிகிச்சை பல காலமாக நடக்கிறது.

கேள்வி: முதுதத்துவமாணி செய்கிறேன். ஒரு சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல், ஐந்து நாளில் பிரசுரிப்பார்களாம், 300 டொலராம். கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது, மேற்பார்வையாளர் போடு என்கிறார். என்ன செய்வது?
— ஆய்வு மாணவி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, போடவேண்டாம். ஐந்து நாளில் கட்டுரை சரியா என்று பார்க்கும் இரண்டு மீளாய்வாளரைத் தேடி, அவர்கள் வாசித்து, நீங்கள் திருத்தி, திரும்ப அனுப்புவது நடக்காத காரியம், ஆகவே யாரும் வாசிக்கமாட்டார்கள் என்றுதான் அர்த்தம். பணம் போனாலும் உழைத்தால் வரும், ஆனால் நல்ல தரவு அப்படி ஓரிடத்தில் ஒருமுறை வெளியானால் தரமான சஞ்சிகை எதுவும் பிறகு அதை ஏற்காது. பெரிய பெயர்களை நம்பியும் ஏமாறலாம்: ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை விலி நிறுவனம் வாங்கியிருந்தது, 2023 இல் மட்டும் அதன் சஞ்சிகைகளிலிருந்து 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன, காரணம் போலி மீளாய்வு.

ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு எழுதி, உண்மையில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். அதில் வந்த இரண்டு கட்டுரையை முழுக்க வாசியுங்கள். இலங்கைச் சஞ்சிகைகள் பல கட்டணமில்லாமல் இணையத்தில் இருக்கின்றன, வெளிநாட்டு நல்ல சஞ்சிகைகள் சில எங்கள் போன்ற நாடுகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, கேட்டால்தான் தருவார்கள். மேற்பார்வையாளரோடு முரண்படுவது கஷ்டம், தெரியும். ‘சேர், நான் மூன்று சஞ்சிகை தேடி வைத்திருக்கிறேன், எது பொருத்தம்’ என்று கேட்டுப் போங்கள், மறுப்பாகத் தெரியாது. ஐந்து நாள் பிரசுரங்களை எண்ணிக்கைக்காக ஏற்றுக்கொள்ளும் விதிகளைப் பல்கலைக்கழகங்கள் மாற்ற வேண்டும், அந்தச் சுமையை மாணவர்கள் தலையில் வைப்பது அநியாயம்.

கேள்வி: ஏஐ செயலியிடம் கேட்டு ஆய்வேட்டுக்கு உசாத்துணைகள் எடுக்கலாமா?
— மாணவன், சாவகச்சேரி

பதில்: அது தரும் கட்டுரைகளில் சில உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து வாசித்த பிறகு மட்டும் சேருங்கள். உண்மையிலேயே பயன்படும் ஏஐ வேண்டுமென்றால் அல்பாபோல்ட் தரவுத்தளத்தைப் பாருங்கள், 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவம் இலவசமாக இருக்கிறது, 2024 இரசாயன நோபல் பரிசில் பாதி அந்த வேலைக்குத்தான். எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள், அந்த நிறத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கலாநிதிப் பட்டத்துக்குத் தந்த இடத்தை நிதி இல்லை என்று திரும்ப எடுத்துவிட்டது. இங்கே செய்துகொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன். வெளியே முகம் காட்ட வெட்கமாக இருக்கிறது.
— பட்டதாரி, சுன்னாகம்

பதில்: வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. 2025 இல் அங்கே ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த இடங்களையே மீளப் பெற்றன, மாணவர் வீசா நேர்முகங்களும் சில கிழமைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. உங்கள் தகுதியைப் பார்த்துத்தான் இடம் தந்தார்கள், அந்தத் தகுதி எங்கேயும் போகவில்லை. இதை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஊர் கேட்டால் அவர்களே பதில் சொல்லட்டும்.

அந்தத் துறைக்கு எழுதி, அடுத்த ஆண்டுக்கு என் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிப்பீர்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்களைத் தெரிவு செய்த பேராசிரியருக்குத் தனியாக எழுதி, வேறு நாடுகளில் தன்னோடு வேலை செய்பவர்களிடம் அறிமுகம் தரமுடியுமா என்று கேளுங்கள், மறுப்பவர்கள் குறைவு. ஜேர்மனியில் பல கலாநிதி இடங்கள் சம்பளத்தோடு வேலையாகவே விளம்பரப்படுத்தப்படும், வருடம் முழுக்க வரும். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், பிரித்தானியாவின் கொமன்வெல்த் புலமைப்பரிசிலும் இருக்கிறது. பழைய வேலை இடத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேராசிரியருக்கான கடிதத்தை முதலில் அனுப்புங்கள், இந்தக் கிழமையே.